1-பியூட்டைல்-3-மெத்திலிமிடசோலியம் எக்சாபுளோரோபாசுபேட்டு: தீங்குகளும் பாதுகாப்பாகக் கையாளும் முறையும்

1-பியூட்டைல்-3-மெத்திலிமிடசோலியம் எக்சாபுளோரோபாசுபேட்டு என்பது அறை வெப்பநிலையில் நீர்மமாக இருக்கும் ஓர் உப்பாகும். நிறமற்றதாகவோ வெளிர் மஞ்சள் நிறத்திலோ காணப்படும் இச்சேர்மம் அயனித் திரவங்கள் என்ற வகையைச் சேர்ந்தது. இதன் நீண்ட பெயரைச் சுருக்கி ஆய்வகங்களில் பிமிம் பிஎப்6 என்று அழைப்பர். எளிதில் ஆவியாவதில்லை, சாதாரண நிலையில் தீப்பற்றுவதில்லை என்ற காரணங்களால் 1990களின் இறுதியில் இது பசுமைக் கரைப்பான் எனப் புகழ் பெற்றது. ஆனால் நீர், அமிலம், வெப்பம் ஆகியவை ஒன்றுசேரும்போது இது சிதைந்து ஐதரசன் புளோரைடு என்னும் கொடிய நச்சுப் பொருளை வெளிவிடுகிறது. இக்கட்டுரை இச்சேர்மத்தின் பண்புகளையும் தீங்குகளையும் கையாளும் முறைகளையும் விளக்குகிறது.

அயனித் திரவம் என்றால் என்ன

உப்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சமையல் உப்பு. சோடியம் குளோரைடாகிய அது உருகுவதற்கு 801 பாகை செல்சியசு வெப்பம் தேவை. அதில் சிறிய, உருண்டையான நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் நெருக்கமாக அடுக்கப்பட்டு ஒன்றையொன்று வலுவாக ஈர்க்கின்றன. அயனிகளில் ஒன்று பெரியதாகவும் ஒழுங்கற்ற வடிவிலும் இருந்தால் இந்த அடுக்கு சரியாக அமையாது, ஈர்ப்பும் குறையும். அப்போது உருகுநிலை வெகுவாகத் தாழ்ந்துவிடும். 100 பாகை செல்சியசுக்குக் கீழே உருகும் உப்புகளை அயனித் திரவங்கள் என்று அழைப்பது வழக்கம்.

1914 ஆம் ஆண்டில் பவுல் வால்டன் என்ற வேதியியலாளர் எத்திலமோனியம் நைத்திரேட்டு என்ற உப்பு ஏறத்தாழ 12 பாகை செல்சியசிலேயே உருகுவதை வெளியிட்டார். இத்துறையின் தொடக்கமாக இதைக் கருதுகின்றனர். 1992 ஆம் ஆண்டில் வில்க்சு, சவரோட்கோ ஆகிய இருவரும் காற்றிலும் ஈரத்திலும் நிலைத்திருக்கும் இமிடசோலிய அயனித் திரவங்களை அறிமுகப்படுத்தினர். அதன் பின்னரே இத்துறை விரைவாக வளர்ந்தது.

அமைப்பும் பண்புகளும்

இச்சேர்மத்தின் நேர்மின் அயனி ஐந்து அணுக்கள் கொண்ட இமிடசோல் வளையம் ஆகும். வளையத்தின் ஒரு நைதரசனில் நான்கு கார்பன் கொண்ட பியூட்டைல் தொகுதியும், மற்றொரு நைதரசனில் மெத்தில் தொகுதியும் இணைந்துள்ளன. எதிர்மின் அயனியில் ஒரு பாசுபரசு அணுவைச் சுற்றி ஆறு புளோரின் அணுக்கள் எண்முகி வடிவில் அமைந்துள்ளன. இதன் மோலார் நிறை 284.18 கிராம். அதில் புளோரின் மட்டும் ஏறத்தாழ 40 விழுக்காடு ஆகும். தீங்குகளைப் புரிந்துகொள்ள இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இதன் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.38 கிராம். நீருடன் கலக்காமல் தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்கும். பிரிபுனலைப் பயன்படுத்தும் மாணவர்கள் கரிமக் கரைப்பான் மேலே நிற்கும் என்ற பழக்கத்தில் அடி அடுக்கைத் தவறுதலாகக் கொட்டிவிடக் கூடாது. பாகுத்தன்மை நீரைப் போல இருநூறு மடங்குக்கும் அதிகம் என்பதால் இது எண்ணெய் போல மெதுவாக வழியும்.

நீருடன் கலக்காது என்பதை நீரைச் சிறிதும் ஏற்காது என்று பொருள் கொள்ளக் கூடாது. நீரோடு சேர்த்து வைத்தால் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு அளவுக்கு இது நீரில் கரையும். ஏறத்தாழ அதே அளவு நீரைத் தனக்குள்ளும் இழுத்துக்கொள்ளும். திறந்து வைத்த குப்பியில் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். இதன் சிதைவுக்கு வேண்டிய நீர் பெரும்பாலும் இவ்வாறே உள்ளே நுழைகிறது.

தயாரிப்பு

இதன் தயாரிப்பு இரண்டு படிகளில் நிகழ்கிறது. முதல் படியில் 1-மெத்திலிமிடசோலுடன் 1-குளோரோபியூட்டேன் சேர்த்துச் சூடாக்கினால் 1-பியூட்டைல்-3-மெத்திலிமிடசோலியம் குளோரைடு கிடைக்கிறது. இது நீரில் கரையும் திண்மம்; விழுங்கினால் நச்சு என வகைப்படுத்தப்பட்ட பொருள். இரண்டாம் படியில் இதன் நீர்க்கரைசலுடன் பொட்டாசியம் எக்சாபுளோரோபாசுபேட்டு சேர்க்கப்படுகிறது. அயனிகள் இடம் மாறிக்கொள்ள, நீரில் கலக்காத அயனித் திரவம் அடியில் பிரிகிறது.

பொட்டாசியம் உப்புக்குப் பதிலாக எக்சாபுளோரோபாசுபாரிக் அமிலத்தையும் பயன்படுத்தலாம். அப்போது விளைபொருளில் அமிலம் எஞ்சிவிடும். கழுவிய நீர் நடுநிலை காட்டும் வரை பலமுறை கழுவ வேண்டும். இப்படியைச் சோம்பலால் குறைத்துக்கொண்டால், எஞ்சிய அமிலம் பின்னர் சிதைவைத் தூண்டும்.

பசுமைக் கரைப்பான் என்ற பெயர்

ஈதர், பென்சீன், குளோரோபார்ம் போன்ற கரைப்பான்கள் எளிதில் ஆவியாகின்றன. அவற்றின் ஆவியைச் சுவாசிப்பது கேடு, சில தீப்பற்றும், காற்றையும் மாசுபடுத்தும். அயனித் திரவங்களின் ஆவியழுத்தம் மிக மிகக் குறைவு. எனவே காற்று மாசு, தீ ஆகிய இரண்டு சிக்கல்களுக்கும் இவை தீர்வாகத் தோன்றின. 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நோட்ரே டேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதே சேர்மத்தில் கரைந்திருந்த நாப்தலீனை மாறுநிலை கடந்த கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு பிரித்தெடுத்துக் காட்டினர். அயனித் திரவம் கார்பன் டை ஆக்சைடில் கரையாததால் நாப்தலீனுடன் கலந்து வெளியேறவில்லை. இம்முடிவு பெரும் ஆர்வத்தை ஏற்படுத்தியது.

ஆனால் ஆவியாகாது என்பது ஒரு பண்பு மட்டுமே. தீங்கற்றது என்பது வேறு. இவ்விரண்டும் ஒன்றென எண்ணியதே பிற்காலக் குழப்பங்களுக்குக் காரணமாயிற்று.

நீராற்பகுப்பு: முதன்மையான தீங்கு

2003 ஆம் ஆண்டில் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவாட்லோசுகி, ஓல்பிரே, ரோசர்சு ஆகியோர் இச்சேர்மத்தின் நீராற்பகுப்பைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். தூய்மைப்படுத்தும் முயற்சியின்போது அவர்களுக்கு எதிர்பாராத படிகங்கள் கிடைத்தன. ஆராய்ந்தபோது அவை 1-பியூட்டைல்-3-மெத்திலிமிடசோலியம் புளோரைடின் நீரேற்று எனத் தெரிந்தது. எக்சாபுளோரோபாசுபேட்டு அயனி உடைந்தால் மட்டுமே புளோரைடு வந்திருக்க முடியும். அயனித் திரவங்கள் எப்போதும் பசுமையானவை அல்ல என்பதே அக்கட்டுரையின் செய்தி.

வினையின் போக்கு பின்வருமாறு அமைகிறது. நீர் மூலக்கூறுகள் பாசுபரசிலிருந்து புளோரினை ஒவ்வொன்றாக வெளியேற்றி அவ்விடத்தில் ஆக்சிசனைப் பொருத்துகின்றன. இடையில் பாசுபரசு ஆக்சிபுளோரைடும் புளோரோபாசுபேட்டுகளும் உருவாகின்றன. வினை முற்றிலும் முடிந்தால் ஒரு எக்சாபுளோரோபாசுபேட்டு அயனி நான்கு நீர் மூலக்கூறுகளுடன் சேர்ந்து ஓர் இருஐதரசன் பாசுபேட்டு அயனியையும் ஆறு ஐதரசன் புளோரைடு மூலக்கூறுகளையும் தரும்.

இதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 10 கிராம் அயனித் திரவம் என்பது ஏறத்தாழ 0.035 மோல். ஒவ்வொரு மோலுக்கும் 6 மோல் ஐதரசன் புளோரைடு கிடைக்கும் என்பதால் மொத்தம் 0.21 மோல். ஐதரசன் புளோரைடின் மோலார் நிறை 20 கிராம். ஆகவே ஒரு சிறு குப்பியிலுள்ள 10 கிராம் முழுவதும் சிதைந்தால் ஏறத்தாழ 4.2 கிராம் ஐதரசன் புளோரைடு உருவாகும். இதற்குத் தேவையான நீர் வெறும் இரண்டரை கிராம்.

தூய்மையான, உலர்ந்த, நடுநிலையான மாதிரி அறை வெப்பநிலையில் இவ்வாறு விரைவாகச் சிதைவதில்லை. அமிலமும் வெப்பமும் வினையை விரைவுபடுத்துகின்றன. ஈரமான மாதிரியை உலர்த்துவதற்காக அதிக வெப்பத்தில் வைப்பது, அமில வினையூக்கிகளுடன் சேர்த்துக் காய்ச்சுவது, பழைய மாதிரியைச் சோதிக்காமல் மீண்டும் பயன்படுத்துவது ஆகிய மூன்றும் தவிர்க்கப்பட வேண்டிய சூழ்நிலைகள்.

இதே எதிர்மின் அயனி நம் கைப்பேசிகளிலும் உள்ளது. இலித்தியம் அயனி மின்கலங்களின் மின்பகுபொருளாக இலித்தியம் எக்சாபுளோரோபாசுபேட்டு பயன்படுகிறது. அதுவும் ஈரம் பட்டால் ஐதரசன் புளோரைடைத் தரும். எரியும் மின்கலத்தின் புகையைச் சுவாசிக்கக் கூடாது என்று எச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐதரசன் புளோரைடு உடலில் என்ன செய்கிறது

ஐதரசன் புளோரைடு 19.5 பாகை செல்சியசில் கொதிக்கும். நீரில் கரைந்தால் ஐதரோபுளோரிக் அமிலம் எனப்படும். வேதியியல் பாடத்தில் இது ஒரு வலிமை குறைந்த அமிலம் என்று படிக்கிறோம். முழுமையாக அயனியாவதில்லை என்பதே அதன் பொருள். ஆபத்துக் குறைவு என்பதல்ல. அயனியாகாத மூலக்கூறு தோலை ஊடுருவி ஆழத்துக்குச் செல்லக்கூடியது. உள்ளே சென்ற புளோரைடு அயனி, இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் குறைந்தால் இதயத்துடிப்பின் ஒழுங்கு கெடும். உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

இதில் மிகவும் ஏமாற்றும் அம்சம் தாமதமாக வரும் வலி. 20 விழுக்காட்டுக்குக் குறைவான கரைசல் பட்டால் வலியோ சிவப்போ தெரிய 24 மணி நேரம் வரைகூட ஆகலாம். 50 விழுக்காட்டுக்கு மேல் செறிவு இருந்தால் உடனே எரிச்சல் தெரியும். அயனித் திரவச் சிதைவில் உருவாவது பெரும்பாலும் நீர்த்த கரைசலே என்பதால், பட்டவர் எதுவும் ஆகவில்லை என்று எண்ணி வீட்டுக்குச் சென்றுவிட வாய்ப்பு உண்டு.

ஐதரசன் புளோரைடின் கொடுமைக்கு ஒரு சான்று தென்கொரியாவில் உள்ளது. 2012 செப்டம்பர் 27 அன்று குமி நகரத் தொழிற்சாலை ஒன்றில் இவ்வளிமம் கசிந்து தொழிலாளர்கள் ஐவர் உயிரிழந்தனர். அவ்விபத்துக்கும் அயனித் திரவத்துக்கும் தொடர்பில்லை. அளவும் பன்மடங்கு பெரிது. எனினும் பொருள் ஒன்றே.

பிற தீங்குகள்

தோல், கண் எரிச்சல்: சிதையாத நிலையிலும் இச்சேர்மம் தோலுக்கும் கண்ணுக்கும் சுவாசப் பாதைக்கும் எரிச்சல் தரக்கூடியது என்று விற்பனையாளர்களின் பாதுகாப்புத் தரவுத் தாள்கள் குறிப்பிடுகின்றன.

வெப்பச் சிதைவு: விரைவாகச் சூடாக்கும் சோதனைகளில் இது 300 பாகை செல்சியசுக்கு மேலேதான் சிதைகிறது. ஆனால் இந்த எண்ணை நம்பி நீண்ட நேரம் அதற்கு அருகில் சூடாக்கக் கூடாது. மணிக்கணக்கில் சூடாக்கும்போது இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே சிதைவு தொடங்கும். அயனித் திரவங்களின் ஆவி தீப்பற்றாவிட்டாலும் அவற்றின் சிதைவுப் பொருள்கள் எரியலாம் என 2006 ஆம் ஆண்டு ஆய்வுகள் சுட்டிக்காட்டின. அதே ஆண்டில் சில அயனித் திரவங்களைக் குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடிக்க முடியும் என்றும் காட்டப்பட்டது. ஆவியே ஆகாது என்ற பழைய கூற்றும் இதனால் திருத்தம் பெற்றது.

காரங்களுடன் வினை: இமிடசோலிய வளையத்தில் இரு நைதரசன்களுக்கு இடையேயுள்ள கார்பனின் ஐதரசனை வலிமையான காரங்கள் நீக்கிவிடும். அப்போது கார்பீன் என்னும் வினைத்திறன் மிக்க இனம் உருவாகும். எனவே இதை எவற்றோடும் வினைபுரியாத கரைப்பான் என்று கருத முடியாது.

நீர்நிலைகளில் பாதிப்பு: நீர்த்தெள்ளு போன்ற சிறு உயிரினங்களைக் கொண்டு செய்த சோதனைகளில் இமிடசோலிய அயனித் திரவங்களின் நச்சுத்தன்மை பெரும்பாலும் நேர்மின் அயனியால் வருவதாகத் தெரிந்தது. பக்கச் சங்கிலியில் கார்பன்கள் கூடக் கூட நச்சுத்தன்மையும் கூடுகிறது. 2018 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள், குப்பை கொட்டும் நிலம் ஒன்றின் அருகிலுள்ள மண்ணில் எட்டுக் கார்பன் சங்கிலி கொண்ட ஆக்டைல்மெத்திலிமிடசோலியம் அயனியைக் கண்டறிந்தனர். ஒரு வகைக் கல்லீரல் நோயை இது தூண்டக்கூடும் என்ற கருத்தையும் முன்வைத்தனர். அது உறுதியான முடிவு அன்று. எனினும் இவ்வகை அயனிகள் மண்ணை அடைகின்றன என்பதற்கு அது சான்றாகும்.

பாதுகாப்பாகக் கையாளும் முறை

1. குப்பியைத் திறக்கும் முன் பாதுகாப்புத் தரவுத் தாளை முழுமையாகப் படிக்கவும்.

2. நைட்ரைல் கையுறை, பக்கங்கள் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, ஆய்வக மேலங்கி ஆகியவற்றை அணியவும். பொருள் பட்ட கையுறையை உடனே மாற்றவும். மெல்லிய கையுறை ஐதரோபுளோரிக் அமிலத்தை நெடுநேரம் தாங்காது.

3. சூடாக்குதல், உலர்த்துதல், அமிலத்துடன் கலத்தல் ஆகியவற்றைப் பியூம் ஹூட் எனப்படும் புகை வெளியேற்றுப் பெட்டிக்குள் மட்டும் செய்யவும்.

4. உலர்த்தும்போது வெற்றிடத்தில், மிதமான வெப்பத்தில் உலர்த்தவும். அதற்கு முன் அமிலம் எஞ்சவில்லை என்பதை உறுதி செய்யவும்.

5. உலர்ந்த இடத்தில், இறுக மூடிய குப்பியில் வைக்கவும். சிதைந்திருக்கலாம் என ஐயமுள்ள மாதிரியைப் பாலியெத்திலீன் அல்லது டெஃப்லான் கலனில் வைக்கவும். ஐதரசன் புளோரைடு கண்ணாடியை அரிக்கும்.

6. குப்பியில் பொருளின் முழுப்பெயர், தயாரித்த நாள், திறந்த நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டவும். சுருக்கப் பெயர் மட்டும் எழுதினால் பின்னால் வருபவருக்கு அதில் புளோரின் இருப்பதே தெரியாது.

7. பழைய மாதிரியைப் பயன்படுத்தும் முன், ஒரு துளியைச் சிறிது நீருடன் குலுக்கி, நீரைக் காரகாடித்தன்மைத் தாளால் சோதிக்கவும். அமிலத்தன்மை தெரிந்தாலும், கண்ணாடிக் குப்பியின் உட்புறம் மங்கியிருந்தாலும், திறக்கும்போது புகை வந்தாலும் அதைச் சிதைந்த பொருளாகவே கருத வேண்டும்.

சிந்தினால்

ஈதர் சிந்தினால் மணம் வரும். சற்று நேரத்தில் ஆவியாகிவிடும். இச்சேர்மம் அவ்வாறு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. துடைக்கும் வரை மேசையிலும் தரையிலும் வழுக்கும் படலமாகத் தங்கியிருக்கும். மறுநாள் அதே மேசையில் கை வைப்பவர் அதை அறியமாட்டார். ஆகவே சிந்திய உடனே உறிஞ்சும் தாளால் ஒற்றியெடுத்து, இடத்தைச் சோப்பு நீரால் பலமுறை துடைக்க வேண்டும். சிதைந்த மாதிரியாக இருந்தால் முதலில் கால்சியம் கார்பனேட்டுத் தூளைத் தூவ வேண்டும். அது புளோரைடைக் கரையாத கால்சியம் புளோரைடாக மாற்றும். துடைத்த தாளையும் கையுறையையும் வேதிக் கழிவாகவே சேர்க்க வேண்டும்.

முதலுதவி

புதிய, சிதையாத பொருள் தோலில் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவினால் போதும். எரிச்சல் நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும்.

பழைய, சூடாக்கிய அல்லது அமிலம் கலந்த பொருள் பட்டால் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. நனைந்த உடையை அகற்றி, ஓடும் நீரில் உடனே கழுவ வேண்டும். 2.5 விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட்டுக் களிம்பு கையிருப்பில் இருந்தால், ஐந்து நிமிடம் கழுவிய பின் கையுறை அணிந்த விரலால் அதைத் தொடர்ந்து தடவ வேண்டும். களிம்பு இல்லையெனில் மருத்துவ உதவி வரும் வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவமனையில் அமிலம் பட்டது என்று மட்டும் சொல்லாமல், ஐதரோபுளோரிக் அமிலம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இதற்கான மருத்துவம் மற்ற அமிலங்களுக்கானதிலிருந்து வேறுபட்டது.

கண்ணில் பட்டால் இமைகளை விரித்துக் குறைந்தது 15 நிமிடம் நீரால் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். களிம்பைக் கண்ணில் இடக் கூடாது. புகையைச் சுவாசித்தவரைத் தூய காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுசென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது.

கழிவு நீக்கம்

இதைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது. ஏறத்தாழ 2 விழுக்காடு வரை நீரில் கரையும் என்பதால் சாக்கடை வழியாக நீர்நிலையை அடைந்துவிடும். கழுவிய நீரிலும் அயனித் திரவம் கரைந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆலசன் கொண்ட கரிமக் கழிவுகளுக்கான தனிக் கலனில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு மேலாண்மை அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அமிலக் கழிவுடன் ஒரே கலனில் கலக்கக் கூடாது; அவ்வாறு கலந்தால் அந்தக் கலனே ஐதரசன் புளோரைடு உற்பத்திக் கூடமாகிவிடும். இந்தியாவில் இவ்வகைக் கழிவுகளுக்கு 2016 ஆம் ஆண்டின் தீங்கு தரும் கழிவுகள் மேலாண்மை விதிகள் பொருந்தும்.

மாற்றுப் பொருள்கள்

நீராற்பகுப்புச் சிக்கலைத் தவிர்க்க, பிசு(டிரைபுளோரோமெத்தில்சல்போனைல்)இமைடு என்ற எதிர்மின் அயனியைப் பலர் தெரிவு செய்கின்றனர். அதில் புளோரின் கார்பனுடன் வலுவாகப் பிணைந்திருப்பதால் நீர் அதை எளிதில் அகற்றாது. ஆனால் அதே காரணத்தால் அது சுற்றுச்சூழலிலும் எளிதில் சிதையாமல் நிலைத்துவிடும். ஒரு தீங்கு குறைய மற்றொன்று கூடுகிறது. அசிட்டேட்டு போன்ற புளோரின் இல்லாத அயனிகளும் உண்டு. அவை நீருடன் கலந்துவிடுவதால் நீரிலிருந்து பொருள்களைப் பிரித்தெடுக்கும் பணிக்கு ஏற்றவை அல்ல.

எனவே ஒரு கரைப்பான் பசுமையானதா என்ற கேள்விக்கு அதன் ஆவியழுத்தத்தை மட்டும் பார்த்து விடை கூற இயலாது. அது எதிலிருந்து தயாரிக்கப்படுகிறது, எந்தச் சூழலில் எவ்வாறு சிதைகிறது, பயன்படுத்திய பின் எங்கே செல்கிறது ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பிமிம் பிஎப்6 உலர்வாகவும் நடுநிலையாகவும் மிதமான வெப்பத்திலும் வைத்துப் பயன்படுத்தும்போது ஒரு நல்ல கரைப்பானே. இம்மூன்று நிபந்தனைகளும் காக்கப்படுகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்ப்பது அதைக் கையாளுபவரின் பொறுப்பாகும்.